அப்பாதோவுக்கு மிலான் தர வேண்டிய 90,000 மரங்கள்

மிலான் நகர மேயர் அவர்களுக்கும் நகர மன்ற உறுப்பினர்களுக்கும்,

உங்கள் நகரம் கிளாவ்தியோ அப்பாதோ என்ற இசை நடத்துநருக்குச் சம்பள பாக்கி வைத்திருக்கிறது. பாக்கி 90,000 மரங்கள். அவர் 2014 ஜனவரி 20 அன்று போலோஞ்ஞாவில் காலமானார். இனிக் கேட்க ஆளில்லை என்று யாராவது நினைத்திருந்தால், நான் கேட்கிறேன்.

இந்த மடலின் இத்தாலிய வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் ஊரின் வீடுகளைத் துடைத்து, முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவி வாழும் எங்கள் ஆட்களும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். மிலானின் வெயில் எங்கள் தலையிலும்தான் விழுகிறது.

நடந்தது இதுதான். 1986இல் உங்கள் ஊரின் ஓபெரா அரங்கமான லா ஸ்காலாவின் இசை இயக்குநர் பொறுப்பை விட்டுப் போனார் அப்பாதோ. அதன் பிறகு லா ஸ்காலாவின் இசைக்குழு முன் அவர் நிற்க மாட்டாரா என்று இந்த ஊர் ஏங்கிக்கொண்டிருந்தது. 2008, 2009 வாக்கில் அவர் தன் கூலியைச் சொன்னார்: வருகிறேன், பணம் வேண்டாம், நகரத்தில் 90,000 மரங்கள் நடுங்கள். நகராட்சி சம்மதித்தது. பாரீசின் பொம்பிடூ மையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ நடவுத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தார். நகர மையத்தின் கல் பாவிய இடங்களிலும் மரம் வர வேண்டும் என்பது அந்தத் திட்டத்தில் இருந்தது. 2010இல் செலவு அதிகம் என்று சொல்லி நகராட்சி அதைக் கைவிட்டது. அதே ஆண்டு ஜூனில் நடக்கவிருந்த கச்சேரியும் அப்பாதோவின் உடல்நிலையால் நின்றுபோனது.

அப்போது பதவியில் இருந்தவர்கள் வேறு என்று நீங்கள் சொல்லலாம். என் குப்பை வரி பாக்கியை, அதை விதித்த மேயர் போய்விட்டார் என்று காரணம் சொல்லி நீங்கள் தள்ளுபடி செய்ய மாட்டீர்கள். ஆள் மாறினாலும் நகராட்சியின் கடன் நகராட்சியுடையதே.

மரம் வரவில்லை. ஆனாலும் அவர் வந்தார். 2012 அக்டோபர் 30 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பிறகு, லா ஸ்காலா பில்ஹார்மோனிக் குழுவின் முன் நின்றார். டேனியல் பாரன்பாய்ம் பியானோவில் இருக்க ஷோப்பானின் கான்செர்ட்டோ, அப்புறம் ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் ஆறாவது சிம்பொனி. வேலையைச் செய்து முடித்துவிட்டார். கூலிதான் நிற்கிறது.

அன்று செவ்வாய்க்கிழமை. எனக்கு வேலை நாள், போக முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு மறுநாள் பத்திரிகையை வாசித்துக் காட்டினேன். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது, ஏனென்றால் அப்பாதோவை எனக்குக் காட்டியவர் அவர்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். செஸ்தோ சான் ஜொவான்னியில் எஃகு ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டேன்.

தாத்தா முதல்முறை லா ஸ்காலாவுக்குள் போனது 1970களின் தொடக்கத்தில். அதுவரை அந்தக் கட்டடம் அவருக்கு டிராமிலிருந்து பார்க்கும் ஒரு முகப்பு மட்டுமே. தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் என்று தனியாகக் கச்சேரி நடத்தினார்கள், ஆலைக்கே டிக்கெட் வந்தது என்றார். சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்து கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனாராம். சிம்பொனியின் ஒரு பகுதி முடிந்ததும் இவரும் கூட வந்தவர்களும் கைதட்டிவிட்டார்கள். நடுவில் தட்டக் கூடாது என்பது வழக்கம். மேடையில் நின்ற மெலிந்த இளைஞர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், முறைக்கவில்லை என்று தாத்தா பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அடுத்த தடவையும் போனேன் என்பார்.

அந்த இளைஞர் 1968இல், 35 வயதில், லா ஸ்காலாவின் இசைப் பொறுப்புக்கு வந்தவர். 1972இல் பாவ்லோ கிராஸ்ஸி அரங்கின் நிர்வாகியானார். மிலானின் பிக்கோலோ தியேட்டரை நிறுவியவர்களில் ஒருவர் அவர். நாடகம் எல்லாருக்கும் வேண்டும் என்று அங்கே செய்ததை இங்கே இசைக்குச் செய்ய நினைத்தார். இந்த இருவரும் சேர்ந்த பிறகு பணக்காரர்களின் மாலைநேர மண்டபமாக இருந்த இடத்தில் ஆலைத் தொழிலாளியும் பள்ளி மாணவனும் உட்கார்ந்தார்கள். மிலானின் பியானோக் கலைஞர் மவுரீட்சியோ பொல்லீனி, இசையமைப்பாளர் லூய்ஜி நோனோ ஆகியோருடன் சேர்ந்து அப்பாதோ ரெஜ்ஜோ எமிலியாவிலும் இசையைத் தொழிலாளர்களிடம் கொண்டுபோனார். பெட்டி இருக்கைகளுக்குச் சந்தா கட்டியவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நோனோ போன்றவர்களின் புதிய இசை அவர்களை இன்னும் எரிச்சலாக்கியது. அப்பாதோ பின்வாங்கவில்லை. பழைய வெர்தி ஓபெராக்களை அவர் நடத்திய தரத்தைப் பார்த்த பிறகு, குறை சொன்னவர்களும் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த ஊரில் அவர் வெளியாளும் அல்ல. 1933 ஜூன் 26 அன்று மிலானில் பிறந்தவர். அப்பா மிக்கெலாஞ்செலோ அப்பாதோ வயலின் கலைஞர், இந்த நகரின் வெர்தி இசைக் கல்லூரியில் ஆசிரியர். சிறு பையனாக லா ஸ்காலாவில் தெபுஸ்ஸியின் இசையைக் கேட்டுவிட்டு, இதைத்தான் நானும் செய்வேன் என்று முடிவெடுத்தவர். நாஜி ஆக்கிரமிப்பின்போது ஒரு யூதக் குழந்தைக்கு இடம் கொடுத்ததற்காக அவருடைய அம்மா சிறைக்குப் போனார். பதினோரு வயதுப் பையன் சுவரில் “பார்த்தோக் வாழ்க” என்று எழுதிவைக்க, ஹங்கேரிய இசையமைப்பாளரின் அந்தப் பெயரை எதிர்ப்புப் போராளி ஒருவருடையது என்று நினைத்து கெஸ்டபோ தேடி வந்தது. உங்கள் சுவர்களில் எழுதி வளர்ந்த பிள்ளை அவர்.

வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்தபோது அவருடைய வகுப்புத் தோழர் பம்பாயிலிருந்து வந்த சுபின் மேத்தா. பெரிய நடத்துநர்கள் ஒத்திகை பார்ப்பதைக் கிட்டத்திலிருந்து கவனிக்க வெளியாட்களுக்கு வழியில்லை என்பதால் இரண்டு பேரும் பாடகர் குழுவில் சேர்ந்துகொண்டார்கள். 1958இல் அமெரிக்காவின் டாங்கிள்வுட்டில் குஸெவிட்ஸ்கி பரிசு. 1963இல் நியூயார்க்கில் மித்ரோபூலஸ் போட்டியில் பரிசு. 1965இல் புகழ்பெற்ற நடத்துநர் காராயானின் அழைப்பில் சால்ஸ்பர்க்கில் மாலரின் இரண்டாவது சிம்பொனி. அதற்குப் பிறகு நிற்க நேரமில்லை. லண்டன் சிம்பொனி, வியன்னா ஸ்டேட் ஓபெரா என்று போய்க்கொண்டே இருந்தார்.

1989 ஜூலையில், பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவை நெடுநாள் நடத்திய காராயான் இறந்தார். அவர் இடத்துக்கு யார் என்று உலகமே ஊகித்துக்கொண்டிருந்தபோது, பெர்லின் பில்ஹார்மோனிக் கலைஞர்கள் அக்டோபரில் தாங்களே வாக்களித்து அப்பாதோவைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். நிர்வாகம் நியமித்ததாக இருந்தால் அது பதவி. வாசிக்கிற கைகளே தேர்ந்தெடுத்ததால் அது நம்பிக்கை. காராயானுக்கு முன் எழுந்து நின்ற அதே கலைஞர்களிடம், என்னை கிளாவ்தியோ என்று கூப்பிடுங்கள் என்றார் அப்பாதோ. ஒத்திகையில் அதிகம் பேச மாட்டார். ஒருவரை ஒருவர் கேளுங்கள் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

அவருடைய புகழைப் பற்றி ஐரோப்பியப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் போகும் ஊருக்கெல்லாம் ரயிலேறிப் போகிற ரசிகர்கள் ஒரு சங்கமே வைத்திருந்தார்கள், அப்பாதியானி இதினெராந்தி என்று. பெர்லின், லூசெர்ன், ஃபெர்ராரா என்று எங்கே அவர் நடத்தினாலும் இத்தாலியிலிருந்து ஒரு கூட்டம் போய் நிற்கும். சினிமா நடிகருக்கு அப்படி ஒரு கூட்டம் இருப்பதில் வியப்பில்லை. மேடையில் பேசாத, தொலைக்காட்சியில் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூசிய, நேர்காணலில் குரலே எழும்பாத ஒரு மனிதருக்கு அது எப்படி வந்தது? அவர் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை என்பதை மக்கள் கண்டுகொண்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

2000இல் அவருக்கு வயிற்றில் புற்றுநோய். இரைப்பையின் பெரும் பகுதியை எடுத்துவிட்டார்கள். பெர்லின் பதவியை 2002இல் விட்டுவிடப்போகிறேன் என்று நோய்க்கு முன்பே, 1998இலேயே சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பதவியைத் தானாக விட்டவர்கள் அரிது. இனி ஓய்வுதான் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் 2003இல் லூசெர்ன் விழா இசைக்குழுவைத் தொடங்கினார். கிளாரினெட் கலைஞர் சபீன் மையர், செல்லோ கலைஞர் நதாலியா குத்மன் போன்ற தனிக் கலைஞர்கள்கூட ஆர்க்கெஸ்ட்ராவின் வரிசையில் ஒருவராக உட்கார்ந்து வாசிக்க வந்தார்கள், அவருக்காக மட்டும். 2010இல் அங்கே மாலரின் ஒன்பதாவது சிம்பொனி முடிந்ததும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் அரங்கில் ஒருவரும் கைதட்டவில்லை. தாத்தாவும் நானும் அந்தப் பதிவைச் சேர்ந்து பார்த்தோம். வட்டு நின்றுவிட்டதா என்று நான் எழுந்தேன். உட்கார் என்றார்.

மாலர் முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரில் நான் கேட்டு வளர்ந்தது கோயில் நாதஸ்வரமும் தவிலும். தாத்தா விளக்கம் எதுவும் தரவில்லை, சும்மா கேள் என்றார். பிறகு என் ஓய்வு நேரமான வியாழன் மதியங்களில் லா ஸ்காலாவின் மேல்மாட டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க அனுப்பினார். கச்சேரி நாளில் அப்போது விற்ற 140 இடங்களுக்குப் பெயர் எழுதி வைத்துக்கொண்டு, நேரத்துக்கு நேரம் பெயரைக் கூப்பிட்டு ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் பெயரை அவர்களால் உச்சரிக்க முடியவில்லை. ஆனாலும் ஒருவரும் என்னை வெளியாளாக நடத்தவில்லை. ஒரு பதாந்தே, அதாவது வீட்டோடு இருந்து முதியவரைப் பார்த்துக்கொள்கிறவர், லா ஸ்காலாவில் உட்கார்ந்து இசை கேட்க முடிந்தது என்றால், அதற்கான கதவு எந்த ஆண்டுகளில் திறந்தது என்பது எனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு அவர் செய்தது இன்னொரு பெரிய கணக்கு. 1978இல் ஐரோப்பிய சமூக இளைஞர் இசைக்குழு. 1980களின் நடுவில் குஸ்தாவ் மாலர் இளைஞர் இசைக்குழு, அதுவும் இரும்புத்திரை விழுவதற்கு முன்பே கிழக்கு நாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு. 1997இல் மாலர் சேம்பர் இசைக்குழு. 2004இல் போலோஞ்ஞாவில் மொசார்ட் இசைக்குழு. வெனிசுவேலாவில் ஹோசே அன்டோனியோ அப்ரேயு ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்திய இசைப் பள்ளிகளுக்குத் தன் குளிர்காலங்களைக் கொடுத்தார். 2013 ஆகஸ்டு 30 அன்று குடியரசுத் தலைவர் ஜோர்ஜோ நாப்போலித்தானோ அவரை வாழ்நாள் செனட்டராக நியமித்தார். அதே நாளில் அதே நியமனம் பெற்ற இன்னொருவர் ரென்சோ பியானோ. மரத் திட்டத்தின் இரு கைகளும் செனட்டில் ஒன்றாக இருந்தன, மரம் மட்டும் இல்லை. செனட்டர் சம்பளத்தையும் அப்பாதோ வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. ஃபியேசோலே இசைப் பள்ளியின் மாணவர் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

தன் சம்பளத்தைப் பிறருக்குத் தந்த மனிதர், தனக்கு வேண்டும் என்று கேட்ட ஒரே சம்பளத்தை நீங்கள் தரவில்லை. அதுவும் அவருக்காகக் கேட்டதில்லை. சார்தீனியாவில் அல்கேரோ அருகே இருந்த தன் வீட்டைச் சுற்றி அவரே ஆயிரக்கணக்கில் செடி கொடி நட்டு வளர்த்தவர். அவருக்கு நிழல் இருந்தது. கேட்டது உங்கள் மக்களுக்கு.

2014 ஜனவரி 27, திங்கட்கிழமை மாலை. லா ஸ்காலாவின் கதவுகளைத் திறந்துவைத்து, ஆளில்லாத அரங்கில் பாரன்பாய்ம் பீத்தோவனின் எரோய்க்கா சிம்பொனியின் இறுதி ஊர்வலப் பகுதியை நடத்தினார். 1957இல் தொஸ்கானீனி இறந்தபோது விக்தோர் தெ சாபாத்தா அதே கதவுகளைத் திறந்து அதே இசையை நடத்தினார் என்று தாத்தா சொல்லியிருந்தார். அவரால் எழுந்து வர முடியவில்லை. எனக்காகப் போய் நில் என்றார். அவருடைய மகள் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொண்டார், நான் போனேன். சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள். ஃபர் கோட் போட்ட அம்மாக்கள், முதுகுப் பையுடன் மாணவர்கள், தாத்தாவின் வயதில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவர் அழுதுகொண்டே, இவருக்கு நாம் மரம்கூட நடவில்லையே என்றார். அந்த வாக்கியத்தைத்தான் இப்போது உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு உங்கள் நகரம் அவரை மறந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நகரின் இசைப் பள்ளிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஃபெர்ராரா தன் அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தது. அவருடைய தாள்களும் குறிப்பெழுதிய இசைப் பிரதிகளும் பெர்லின் அரசு நூலகத்துக்குப் போய்விட்டன, அங்கே பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு ஜனவரி 20க்கும் ஜூன் 26க்கும் நல்ல வார்த்தைகள் வருகின்றன. அந்த வார்த்தைகளில் 90,000 என்ற எண்ணைத் தேடிப் பார்க்கிறேன். பொறுமை போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

இனி வெயிலைப் பற்றி. ஜூலையில் மிலானில் வயதானவர் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி இருக்கும் என்பதை, குளிரூட்டிய அறையில் கோப்பில் கையெழுத்திடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையிலேயே ஜன்னல் கதவுகளை இறக்கி வீட்டை இருட்டாக்கிவிடுவோம். காற்று அசையாது. ஈரப்பதம் உடம்பில் ஒட்டும். மாலையில் அவரைச் சக்கர நாற்காலியில் கீழே இறக்கினால், சுவர்கள் பகலெல்லாம் குடித்த சூட்டைக் கக்கும். எங்கள் தெருவில் ஒரு பெஞ்சு இருக்கிறது, மேலே நிழல் இல்லை. அடுத்த தெருவில் இரண்டு வரிசை மரம் உண்டு, ஆனால் அங்கே போக அகலமான சாலையைக் கடக்க வேண்டும், அதன் நடுவில் நிழலே கிடையாது. அந்தச் சாலையைக் கடந்து மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்ததும் தாத்தாவின் மூச்சு மாறும். கண்ணால் பார்த்திருக்கிறேன். மருத்துவர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் பல்லாயிரம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஓர் இசைக் கலைஞர் மரம் கேட்டபோது அதை ஒரு கலைஞரின் அழகான ஆசையாகப் பார்த்தார்கள். இன்று திரும்பிப் பார்த்தால், அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் நடைமுறை தெரிந்தவர் அவர்தான். 2010இல் நட்டிருந்தால் அந்த மரங்கள் இன்று முழு நிழல் தரும் வயதில் இருந்திருக்கும்.

2023 ஜூலை 25 விடியற்காலைப் புயல் உங்களுக்கு நினைவிருக்கும். பேய்க்காற்று அடித்தது. நான் வேலைக்குப் போன வழியில் பழைய பிளேன் மரங்கள் வேரோடு சாய்ந்து கார்கள் மேல் கிடந்தன, டிராம் கம்பிகள் அறுந்து தொங்கின. ஒரே இரவில் நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. இருந்ததும் போன பிறகு, கடன் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஃபொரெஸ்தாமி திட்டம் இருக்கிறதே, 2030க்குள் பெருநகரப் பகுதியில் 30 லட்சம் மரங்கள் நடுகிறோமே என்று நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம். அது முழுப் பெருநகரப் பகுதிக்கானது. ஊருக்கு வெளியே வயல் ஓரத்தில் நட்ட கன்று, பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவளுக்கு நிழல் தராது. இன்னொன்று, ஒருவருக்குத் தர வேண்டிய கூலியைப் பொதுச் செலவுக் கணக்கில் சேர்த்து எழுதிவிட்டுக் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. எங்களை வேலைக்கு வைத்தவர்களில் யாராவது அப்படிச் சொன்னால் நாங்கள் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போவோம்.

செலவு என்ற காரணத்தையும் ஏற்க முடியவில்லை. 2015 எக்ஸ்போ உலகக் கண்காட்சிக்குப் பணம் வந்தது. கோபுரங்கள் எழுந்தன, அவற்றில் இரண்டின் மாடங்களில் மரங்களே வளர்கின்றன, உலகம் முழுவதும் அதைப் படம் எடுக்கிறது. குளிர்கால ஒலிம்பிக்குக்கும் பணம் வந்தது. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலையுயர்ந்த வீட்டின் மாடத்தில் வளரும் மரத்தின் நிழல் அந்த வீட்டுக்கு. அப்பாதோ கேட்டது தெருவுக்கு.

ஆகவே நான் கேட்பவை இவை. நகர மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அப்பாதோவுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்த 90,000 மரங்கள் இந்த நகராட்சியின் கடன் என்று அதில் எழுதுங்கள். 2010இல் கைவிடப்பட்ட திட்டத்தின் வரைபடங்களையும் செலவுக் கணக்கையும், யார் எந்தக் காரணத்தால் நிறுத்தினார்கள் என்ற கோப்பையும் பொதுமக்கள் பார்க்க வெளியிடுங்கள். அதன்பின் நட்டவற்றில் எவையாவது அந்தக் கணக்கில் சேர்ந்தவை என்றால் எந்தத் தெருவில், எத்தனை, இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று சொல்லுங்கள். மீதியை ஃபொரெஸ்தாமி கணக்கில் கலக்காமல் தனியாக நடுங்கள்.

நடும் இடத்தை மையத்திலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். மருத்துவமனை வாசல்கள், முதியோர் இல்லங்களுக்கு எதிரே உள்ள நடைபாதைகள், நகரின் ஓரப் பகுதிகளில் நிழலில்லாத பஸ், டிராம் நிறுத்தங்கள், பெஞ்சுகள், இவை முதலில். எந்த பெஞ்சில் எந்த மணிக்கு வெயில் விழுகிறது என்று எங்களைக் கேளுங்கள், பதாந்தேக்கள் எல்லாருக்கும் மனப்பாடம். மையத்துக்கு என்று ரென்சோ பியானோ வரைந்தது இருக்கிறது, அதை மறுபடி எடுத்து அவரிடமே பேசுங்கள். நட்ட கன்றுகளுக்கு முதல் சில கோடைகளில் தண்ணீர் ஊற்ற ஆளும் பணமும் பட்ஜெட்டில் தனித் தலைப்பாக ஒதுக்குங்கள். கன்று நடும் நாளில் புகைப்படம் எடுக்க வருகிறவர்கள் ஆகஸ்டில் ஊரில் இருப்பதில்லை.

முதல் வரிசை நடும் நாளில், அப்பாதோ பெயர் தாங்கிய உங்கள் இசைப் பள்ளியின் மாணவர்களை வைத்து ஒரு இலவசக் கச்சேரி நடத்துங்கள். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் அழையுங்கள். அதை வியாழன் மதியமோ ஞாயிறோ வையுங்கள். எங்களுக்கு விடுப்பு அப்போதுதான்.

எனக்கு எழுத்தில் பதில் வேண்டும், அடுத்த ஜூன் 26க்குள். தீர்மானம் கொண்டுவருவீர்களா, மாட்டீர்களா, மாட்டீர்கள் என்றால் ஏன் என்று அதில் இருக்க வேண்டும். இத்தாலிய மொழியிலேயே எழுதுங்கள், எங்கள் ஆட்களுக்குத் தமிழில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மிலானில் வாழும் முதியோர் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்